வெரிலி டீச்சர்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் இங்கிலீஷ் படிக்கும் பிள்ளை இருந்தால் ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு, மறக்க முடியாத ஒரு நாள். வழமைபோல பாதிப் பேர் டிரிப் போன கதை. ஒரு மகன் மட்டும் இப்படித் தொடங்கியிருந்தான்: "வெரிலி, மை மதர் வென்ட் டு குவைத் வென் ஐ வோஸ் இன் கிரேட் டூ."

சிவப்புப் பேனையை 'வெரிலி' மேல் கொண்டுபோய்விட்டேன். வெட்டக் கை வரவில்லை. அந்தச் சொல்லுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

கல்வியியற் கல்லூரியில் இரண்டாம் வருடம். எல்லோருக்கும் முன்னால் ஒரு பாடம் படிப்பித்துக் காட்ட வேண்டும். மூன்று நாள் பாடமாக்கிக்கொண்டு போய், "வெரிலி, திஸ் லெஸன் இஸ் இம்போர்ட்டன்ட்" என்று தொடங்கினேன். விரிவுரையாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். "இது கிளாஸா, குத்பாவா?" என்று கேட்டார். முழு ஹோலும் சிரித்தது. படித்து முடித்து வெளியாகும் வரை எனக்குப் பெயர் 'வெரிலி டீச்சர்'. அதன் பிறகு கன நாளாக வகுப்பில் நான் இங்கிலீஷில் வாயே திறக்கவில்லை. இங்கிலீஷ் டீச்சராக வரப் படித்தவள் நான்!

அந்தச் சொல் எனக்கு எங்கிருந்து வந்தது? எங்கட வீட்டில் இருந்த ஒரே இங்கிலீஷ் புத்தகம், பெரியப்பா ஹஜ்ஜுக்குப் போய்க் கொண்டுவந்த யூசுப் அலியின் குர்ஆன் மொழிபெயர்ப்பு. வாப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனாலும் சுபஹுக்குப் பிறகு என்னைப் பக்கத்தில் இருத்தி, டிக்ஷனரியும் கையுமாக தினமும் இரண்டு வரி வாசிக்க வைப்பார். அரபியில் 'இன்ன' என்று வரும் பல இடங்களில் இங்கிலீஷில் 'வெரிலி'. தமிழ்த் தர்ஜமாவில் 'நிச்சயமாக'. நல்ல இங்கிலீஷ் என்றால் இப்படித்தான் தொடங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் தேடிப் படித்தேன். யூசுப் அலியின் மொழிபெயர்ப்பு லாகூரில் 1934இல் வெளிவரத் தொடங்கியது. பிக்தாலுடையது 1930. அவர் ஒரு கிறிஸ்தவ மதகுருவின் மகன், நாவலாசிரியர், பிறகு இஸ்லாத்துக்கு வந்தவர். அந்தக் காலத்தில்கூட லண்டன் கடைத்தெருவில் யாரும் 'வெரிலி' என்று பேசவில்லை. வேத வசனத்துக்கு ஒரு கம்பீரம் வேண்டும் என்று, 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் நடையை ஒட்டி எழுதினார்கள். அந்த பைபிளில் 'வெரிலி' என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் பெரும்பாலும் இருக்கும் சொல் என்ன தெரியுமா? 'ஆமென்'. நாங்கள் பாத்திஹா முடிவில் சொல்லும் ஆமீனின் உறவுச் சொல்.

இன்னொன்று. நாங்கள் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லும் 'வெரி' இருக்கிறதே, 'வெரி ஹொட்', 'வெரி குட்', அதிலிருந்து வந்ததுதான் 'வெரிலி'. 'வெரி' என்றால் முதலில் 'உண்மையான' என்று அர்த்தம். 'வெரிஃபை', 'வெர்டிக்ட்' எல்லாம் அதே லத்தீன் வேர். உண்மை என்று சொல்ல வந்த சொல், பாவித்துப் பாவித்துத் தேய்ந்து, வெறும் 'மிகவும்' ஆகிவிட்டது. 'ரியலி'க்கும் அதே கதிதான். எங்கட 'வல்லாஹி'யை யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு தரம் சொன்னால் நம்புவோம். மூன்று தரம் சொன்னால் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம்.

சரி, அந்த மகனுடைய கதைக்கு வருகிறேன். இடைவேளையில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மகன், இந்தச் சொல்ல எங்க படிச்ச?"

"குர்ஆன் தர்ஜமால, டீச்சர்."

"ஏன் இந்த இடத்துல போட்ட?"

கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உம்மா என்ன உட்டுட்டு ஓடிட்டாண்டு பொடியனுகள் சொல்றானுகள், டீச்சர். உழைக்கத்தான் போன. உண்மையெண்டு காட்டத்தான் போட்ட."

அன்று அந்த விரிவுரையாளர் இருந்த கதிரையில் இப்போது நான் இருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவனுக்கு விளங்கப்படுத்தினேன். இலக்கணப்படி இது பிழை இல்லை. ஆனால் இன்றைய இங்கிலீஷ் வசனத்தில் 'வெரிலி' வந்தால், வாசிப்பவருக்கு ஒன்று வேதம் கேட்கும், இல்லாவிட்டால் பகிடி கேட்கும். பழைய சொல்லுக்கும் இருக்க இடம் உண்டு. சான்றிதழிலும் சத்தியக் கடதாசியிலும் 'ஹியர்பை' இன்றும் உயிரோடு இருக்கிறது. அதையே கூட்டாளிக்கு அனுப்பும் மெசேஜில் போட்டால் சிரிப்பான்.

"அப்ப என்ன போடுற டீச்சர்?" என்றான். 'எக்சுவலி' போட்டால் யாரோ சொன்னதை மறுப்பது போல. 'இன்டீட்' போட்டால் யாரோ சொன்னதற்கு ஆமாம் போடுவது போல. ஒன்றும் பொருந்தவில்லை. "அதை விடு. உம்மா போன அன்றைக்கு என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன்.

"சப்பாத்து, டீச்சர். ரெண்டு சைஸ் பெரிசா வாங்கித் தந்த. நான் வரும் வரைக்கும் போடலாம் எண்டு சொல்லி, முன்னுக்குப் பேப்பர் சுருட்டி வெச்சி உட்ட."

அதை அப்படியே எழுதச் சொன்னேன். மறுநாள் கொப்பி வந்தது. மை மதர் வென்ட் டு குவைத் வென் ஐ வோஸ் இன் கிரேட் டூ. அடுத்த வசனத்தில் சப்பாத்து, அதற்கடுத்ததில் பேப்பர். 'வெரிலி' இல்லை. ஆனால் அந்தப் பந்தியை வாசித்துவிட்டு, உம்மா ஓடிவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. அவனுடைய சம்மதத்தோடு வகுப்பில் வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இங்கே எழுதுவதும் அவனிடம் கேட்டுத்தான். அந்தச் சொல்லை முதல் கொப்பியில் நான் வெட்டவில்லை. வட்டம் போட்டு, 'பழைய நல்ல சொல், கவனமாக வைத்துக்கொள்' என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

எங்கட ஊர்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைக்கும் இங்கிலீஷ் இப்படித்தான்: தர்ஜமாவில், பழைய கடிதத்தில், வாப்பாவின் கிழிந்த டிக்ஷனரியில். அது பிழையான இங்கிலீஷ் இல்லை, பழைய இங்கிலீஷ். டீச்சர்மாரே, பிள்ளை அப்படி ஒரு சொல்லோடு வந்தால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். எங்கே படித்தாய், ஏன் போட்டாய் என்று ஒரு தரம் கேளுங்கள்.

வாப்பா இப்போது இல்லை. அந்தப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. அவருக்காக துஆ செய்யுங்கள்.