எங்கள் பேக்கரி வளர்ந்த கதை

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்பது முதுமொழி. எங்கள் தாத்தா அதைச் சற்று மாற்றி, ‘சிறு பன் பெரும் பேக்கரி’ என்று வேடிக்கையாகச் சொல்வார். அவர் சொல்வது எங்கள் கடையைப் பற்றித்தான். மந்தாரக்குப்பத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் தொடங்கி, இன்று கண்ணாடி அலமாரியும் பதினொரு பணியாளர்களும் கொண்டதாக நிற்கும் எங்கள் பேக்கரியின் கதையை இம்மலரில் எழுத விரும்புகிறேன். இக்கதையில் நான் பெருமைப்பட முடியாத ஒரு பகுதியும் உண்டு. அதை மறைக்காமல் முடிவில் சொல்கிறேன்.

நெய்வேலி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பழுப்பு நிலக்கரி. 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நிறுவனம் உருவானதும், 1957 மே 20 அன்று பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததும், 1961 ஆகஸ்டில் நிலக்கரி முதன்முதலாகக் கண்ணில் பட்டதும், 1962 மே மாதம் சோவியத் நாட்டின் உதவியால் கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் மின்னாக்கி ஓடியதும் நாம் எல்லோரும் பேச்சுப் போட்டிக்காக மனப்பாடம் செய்தவை. ஆனால் எங்கெங்கிருந்தோ வந்து இத்தனை பேர் இரவும் பகலும் உழைத்தார்களே, அவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று எந்தப் பேச்சுப் போட்டியிலும் யாரும் கேட்டதில்லை. எங்கள் கதை அங்கேதான் தொடங்குகிறது.

சுரங்க வேலை வளர்ந்துகொண்டிருந்த நாட்களில், தலைச்சேரியிலிருந்து வந்த ஒரு மலையாளப் பெரியவர் மந்தாரக்குப்பத்தில் ரொட்டி அடுப்பு போட்டிருந்தார். எல்லோரும் அவரை ‘ஆசான்’ என்றே அழைத்தார்களாம். தாத்தா பதின்மூன்று வயதில் அவரிடம் டின் கழுவும் பையனாகச் சேர்ந்தார். இன்றுகூடத் தாத்தா ரொட்டி அடுப்பை மலையாளிகளைப் போலப் ‘போர்மா’ என்றுதான் சொல்வார்.

முதலில் வியாபாரம் சூடு பிடிக்கவில்லை. அக்காலத்தில் நம் பக்கத்தில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் உணவு. தாத்தா தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால், “யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று ஒருவரையொருவர் கேட்பார்களாம். நலமாக இருப்பவன் ரொட்டி தின்றால் நோய் வந்துவிடும் என்று பயந்தவர்களும் உண்டாம்!

அந்த எண்ணத்தை மாற்றியது ஷிப்ட். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஆறு மணிக்குள் வேலையில் இருக்க வேண்டும். அதற்கு முன் வீட்டில் இட்லி வேகாது. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கோ வீடு சேரும் வரை பசி தாங்காது. சூடான தேநீரும் ஒரு பன்னும் இருந்தால் போதும் என்று அவர்கள் வரத் தொடங்கினார்கள். ஆசான் உடனே தம் வேலை நேரத்தை மாற்றினார். விடியற்காலை நான்கரை மணிக்குப் பன் தயாராகிவிட வேண்டும் என்பது அன்று ஏற்பட்ட சட்டம். இன்று வரை ஒரு நாளும் அது தவறவில்லை.

வேலையின் நடுவே ஆசான் தம் ஊர்க் கதை ஒன்றை அடிக்கடி சொல்வாராம். தாத்தா அதை எங்களுக்குச் சொன்னார். நானும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர் பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்றுக்கொண்டு வந்து, 1880ஆம் ஆண்டு ‘ராயல் பிஸ்கட் ஃபேக்டரி’ என்ற கடையைத் தொடங்கினார். 1883ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் பிரௌன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஒரு பிளம் கேக்கைக் காட்டி, “இதைப் போலச் செய்ய முடியுமா?” என்று கேட்டார். பாப்பு அதுவரை கேக் செய்ததே இல்லை. அச்சுக்காகப் பக்கத்து ஊர்க் கொல்லரிடம் போனார். பக்கத்து மாகேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படி பிரௌன் சொல்லியிருந்தார். பாப்புவோ அதை விட்டுவிட்டு, முந்திரிப் பழத்தையும் கதலி வாழைப்பழத்தையும் புளிக்க வைத்து எடுத்த நாட்டுச் சாற்றைச் சேர்த்தார். சுவைத்துப் பார்த்த பிரௌன் மகிழ்ந்துபோய் இன்னும் ஒரு டஜன் கேக் செய்யச் சொன்னாராம். இது அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. நூற்று நாற்பது ஆண்டுகளைக் கடந்து அந்தக் கடை இன்றும் தலைச்சேரியில் இருக்கிறது. அக்குடும்பத்தார் கேரளத்தின் வேறு நகரங்களிலும் பேக்கரிகள் நடத்துகின்றனர்.

இக்கதையைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் ஆசான், “பண்டம் எந்த நாட்டுடையதாகவும் இருக்கட்டும். அதில் நம் மண்ணிலிருந்து ஒரு பிடி சேர வேண்டும். அப்போதுதான் அது நம் ஊரில் நிலைக்கும்” என்பாராம்.

ஆசானுக்கு வயதாகி அவர் ஊருக்குத் திரும்பியபோது அடுப்பைத் தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். தாத்தா அவர் சொல்லை மறக்கவில்லை. பண்ருட்டி முந்திரிக்கொட்டை நமக்கு அருகில் கிடைக்கிறது அல்லவா? அதைப் பொடித்து பிஸ்கட்டில் சேர்த்தார். பலாப்பழக் காலத்தில் பலாச்சுளையை வெல்லத்தில் கிளறிப் பன்னுக்குள் வைத்தார். காய்ச்சலுக்கு மட்டும் ரொட்டி வாங்கியவர்கள், பலாப் பன்னுக்காகக் குழந்தைகளை அனுப்பத் தொடங்கினார்கள். கீற்றுக் கொட்டகை ஓட்டுக் கட்டடமாயிற்று. பிறகு எங்கள் வீட்டுப் பெண் குழந்தைகளின் காதணிகளும் சேர்ந்து அது மாடிக் கட்டடமாயிற்று என்று ஆயா சிரித்துக்கொண்டே சொல்வார்.

அப்பா பொறுப்புக்கு வந்தபின் மின்சார அடுப்பு வந்தது. மாவு பிசையும் எந்திரமும் வந்தது. செங்கல் அடுப்பை இடித்துவிட்டு அங்கே இன்னொரு அறை கட்டலாம் என்று அப்பா நினைத்தார். தாத்தா சம்மதிக்கவில்லை. இருவருக்கும் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லையாம். நடுவில் நின்று இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டவர் என் அம்மா.

அந்த வழக்கை முடித்து வைத்தது ஒரு புயல். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் விடியற்காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. நெய்வேலிக்கு நிழல் தந்த மரங்கள் கணக்கின்றிச் சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு விழுந்தன. நாட்டுக்கே மின்சாரம் தரும் ஊருக்குப் பக்கத்தில் இருந்தும் எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. மின்சார அடுப்பு வெறும் இரும்புப் பெட்டியாக நின்றது. தாத்தா ஒன்றும் பேசாமல், கொட்டகையில் அடுக்கியிருந்த சவுக்கு விறகை எடுத்துச் செங்கல் அடுப்பை மூட்டினார். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் கையால் மாவு பிசைந்தார். கடை வாசலில் வரிசை நின்றது. அப்போது ஒரு வயதுக் குழந்தையாயிருந்த என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பன் எண்ணிக் கொடுத்தாராம். விலையை ஒரு காசுகூட ஏற்றக்கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டார். அந்த நாட்களில் வந்தவர்கள் பலர் இன்று வரை எங்களைவிட்டுப் போகவில்லை. அதன்பின் அடுப்பை இடிக்கும் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

இனி, நான் சொல்வதாக வாக்களித்த பகுதி. எட்டாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு நாள் நாங்கள் ஒவ்வொருவரும் எழுந்து தந்தையின் தொழிலைச் சொல்ல வேண்டியிருந்தது. என் முன் வரிசையில் இருந்தவர்கள் பொறியாளர் என்றும், மருத்துவர் என்றும், கணக்கு அதிகாரி என்றும் சொன்னார்கள். என் முறை வந்தது. “அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. நான் உண்ட சோறும் உடுத்த சீருடையும் அந்த அடுப்பிலிருந்து வந்தவை அல்லவா?

பெற்றோர் கூட்டத்தன்று அப்பா வந்தார். வகுப்புச் சிஸ்டர் அன்போடு, “சுரங்கத்தில் உங்களுக்கு எந்த ஷிப்ட்?” என்று கேட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, “ராத்திரி ஷிப்ட்தான், சிஸ்டர்” என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, எப்போது திட்டுவார் என்று காத்திருந்தேன். “மழை வரும் போலிருக்கிறது” என்று மட்டும் சொன்னார். அவர் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்தக் கோடை விடுமுறையில் ஓர் இரவு, கடைக்கு நானும் வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்துப் போனேன். பகலில் கடையைப் பார்த்திருக்கிறேனே தவிர, இரவில் பார்த்ததில்லை. மைதாவைச் சலித்து, சர்க்கரையும் உப்பும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பிசைந்து, ஈரத் துணி போட்டு மூடினார்கள். மாவு உப்பி எழுந்ததும் துண்டு போட்டு, நிறுத்து, உள்ளங்கையில் உருட்டினார்கள். அப்பாவின் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் இரண்டு உருண்டைகளை உருட்டின. விறகு எரிந்து முடிந்ததும் தணலை வெளியே இழுத்துவிட்டு, ஈரச் சாக்குக் கட்டிய கழியால் அடுப்பின் தரையைத் துடைத்தார்கள். தாத்தா ஒரு சிட்டிகை மாவைத் தரையில் தூவி, அது சிவக்கும் வேகத்தைக் கொண்டே சூட்டை அளந்தார். சூடு மிகுந்திருக்கும்போது பன்னும் ரொட்டியும், சற்று இறங்கியபின் கேக், இன்னும் தணிந்தபின் பிஸ்கட், கடைசிச் சூட்டில் ரஸ்க் என்று ஒரே நெருப்பு நான்கு வேலை செய்கிறது. எதையும் வீணாக்காத அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது.

நீண்ட துடுப்பால் டின்களை இழுத்தபோது அப்பாவின் முழங்கைக்குக் கீழே சூடு பட்ட தழும்புகளைப் பார்த்தேன். எண்ணத் தொடங்கினேன். ஒன்பது வரை எண்ணினேன். அதற்குமேல் கண் மறைத்தது. நான்கரை மணி ஆயிற்று. தலைக்கவசமும் சாப்பாட்டுப் பையுமாக முதல் ஷிப்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் சூடான பன்னை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். சுரங்கத்தில் வேலை என்று நான் பொய் சொன்னேன். சுரங்கத்தில் உண்மையாகவே வேலை செய்கிறவர் என் அப்பாவின் கையிலிருந்து அன்றைய முதல் உணவை வாங்கிக்கொண்டிருந்தார்.

கடந்த டிசம்பரில் எங்கள் வகுப்புக் கிறிஸ்துமஸ் விழாவுக்கு எங்கள் கடையிலேயே பிளம் கேக் சொல்லியிருந்தார்கள். உலர்ந்த திராட்சையையும் பேரீச்சையையும் ஒரு மாதம் முன்பே ஆரஞ்சுச் சாற்றில் ஊற வைத்து, கருக்கிய சர்க்கரைப் பாகும் பண்ருட்டி முந்திரியும் சேர்த்து அப்பா அதைச் செய்தார். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் போனேன். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, “இவர் என் அப்பா. இந்தக் கேக் இவர் செய்தது. சுரங்கத்தில் வேலை என்று நான் சொன்னது பொய்” என்றேன். வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒருத்தி எழுந்து, “அப்படியானால் உனக்குத் தினமும் கிரீம் பன் கிடைக்குமா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். சிஸ்டரும் சிரித்தார்கள்.

அன்று மாலை அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “நான் பொய் ஒன்றும் சொல்லலியே, கண்ணு. ராத்திரி ஷிப்ட்தானே எனக்கு?” என்று சொல்லி, தலையில் கை வைத்தார். அந்தக் கையில் மாவு ஒட்டியிருந்தது.

1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. நிறுவனத்தின் பெயர்கூட 2016இல் மாறிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் இன்று செல்பேசியில் பணம் செலுத்துகிறார்கள். ஆனால் ஆசான் இட்ட சட்டம் மாறவில்லை. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் பொதுத்தேர்வு நெருங்கியிருக்கும். விடியற்காலையில் எழுந்து படிக்கும் தோழிகளே, நான்கரை மணிக்கு எங்கள் கடை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். உள்ளே என் அப்பா இருப்பார். அவர் பேக்கரியில் வேலை செய்கிறார்.