நான்காம் மூலை

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதியொன்றை வாசித்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். காணியின் பெயர் அதில் இருக்கும், அளவு இருக்கும், பின்பு "இதற்கெல்லை" என்று தொடங்கி, கிழக்கே இன்னார் காணி, வடக்கே இன்னார் பெண்சாதி இன்னார் காணி, மேற்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரும் பங்காளரும் என்று நாற்றிசையிலும் பெரும்பாலும் மனிதர் பெயர்களே வந்து நிற்கும். மூலைகள் எங்கே, அவற்றிற்கிடையில் தூரம் எவ்வளவு, கல் நட்டிருக்கிறதா என்பவை பற்றிப் பல உறுதிகள் வாய் திறப்பதில்லை. அயலவன் யாரென்று தெரிந்தால் எல்லை தெரியும் என்பது அவற்றின் நம்பிக்கை. அந்த அயலவனின் எல்லையோ அவனுடைய உறுதியில் நம் பெயராலேயே குறிக்கப்பட்டிருக்கும்! ஒருவரையொருவர் சாட்சியாக வைத்துக்கொண்டு ஊர் முழுவதும் நின்றது. ஊர் இருந்தவரையில் அந்த ஏற்பாடு ஒருவாறு ஓடியது.

ஊரே இல்லாமற் போனபோது நேர்ந்ததைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 ஜூன் மாதத்தில் பெயர்ந்தனர். பலாலி விமானத் தளத்தையும் காங்கேசன்துறையையும் சூழ்ந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னரும் வேலி திறக்கவில்லை. 2013ஆம் ஆண்டில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் வந்தது. உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லை என்று அதிலே காரணம் கூறப்பட்டது. அந்த உரிமையாளரிற் பலர் சில மைல் தூரத்தில், மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் இருந்த முகாம்களில், பங்கீட்டு அட்டையும் கையுமாக இருந்தனர். ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றம் சென்றனர். 2015 முதல் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. இன்னும் முழுவதும் விடுபட்டபாடில்லை.

விடுபட்ட துண்டுகளுள் ஒன்றில், மயிலிட்டிப் பக்கத்தில், நம்முடைய ஆசிரிய நண்பர் ஒருவருக்கு ஒரு பனங்கூடல் உண்டு. அவருடைய பாட்டிக்குச் சீதனமாக வந்த காணி. அளவு 3 பரப்பு 6 குளி. வரகு விதைப்புக் கணக்கில் பரப்புக்குக் குளி 18, ஏக்கருக்குப் பரப்பு 16. நெல் விதைப்புக் கணக்கென்றால் ஏக்கருக்கு 24. நம்மவர் நிலத்தை அளந்தது அது கொள்ளும் விதையைக் கொண்டு என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்வது நல்லது. ஆக, ஓர் ஏக்கரில் ஐந்திலொன்றுக்குச் சற்றுக் கூடிய கலட்டி நிலம். அதற்கும் ஐந்து பேர் பங்காளிகள். இருவர் ஊரில், மூவர் கடல் கடந்து.

இத்தனை சிறிய நிலத்திற்கு இத்தனை பங்கு எப்படி வந்தது என்று பிற நாட்டார் வியப்பர். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து வகுக்கப்பட்டிருக்கிறது. எல்லையோரத்து மரம் அயலான் நிலத்தின்மேற் சாய்ந்தால் அதன் பயன் யாருக்கு என்ற கேள்விக்கும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. தலைமுறைதோறும் நிலம் தாளிலே பங்காகும்; தரையிலே பிரிவதில்லை. "பிரிவிடாத பங்கு" என்ற சொல்லை நம்பி எத்தனை அப்புக்காத்துமாரின் மாடிவீடுகள் எழுந்தன என்பது தனிக் கதை. இரவோடிரவாக ஒரு கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக இரண்டு தலைமுறை பேசாதிருந்த குடும்பங்களை நாம் அறிவோம். கிடுகு வேலியைச் சுற்றி எழுந்த சண்டைகளைச் சேர்த்தால் நம் சமூக வரலாற்றின் ஒரு பாகம் எழுதி முடிந்துவிடும்.

அதே தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய பிரிவும் உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று சாதிப் பெயர் குறித்தே அது பேசுகிறது. 1844இல் அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிந்தது. ஒழிந்தபோது விடுதலையானவருக்கு நிலம் கிடைக்கவில்லை. உடையாரின் பனங்கூடலில், வாய்ச்சொல் அனுமதியில், ஒரு மூலையிற் குடிசை போட்டு இருந்துவந்தனர். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியொருவர் வைத்திருக்கக்கூடிய மேட்டு நிலத்திற்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. பரப்பிற் கணக்குப் பார்க்கும் யாழ்ப்பாணத்தில் அந்த வரம்பு யாரைத்தான் தொடும்?

இனித் தேடலுக்கு வருவோம். மிதிவெடி அகற்றியவர்கள் போன பின்னரே உள்ளே செல்ல முடிந்தது. விடத்தலும் காரையும் ஈச்சையும் ஆள் உயரத்திற்கு மேல் மண்டிக் கிடந்தன. வீடுகள் அத்திவாரம் வரை இல்லை. பனைகளிற் பெரும்பாலானவை போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டிருந்தன. நண்பர் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உறுதி சொன்ன நான்கு அயலவரில் ஒருவரும் அங்கே இல்லை.

முதல் மூலையைக் காண அதிக நேரம் செல்லவில்லை. ஒழுங்கை திரும்பும் இடத்தில் ஓர் ஆவுரோஞ்சிக்கல் நின்றது. மாடுகள் உரஞ்சி வழவழப்பாக்கிய அந்தக் கல்லைப் பெயர்க்க எவருக்கும் தேவை வரவில்லை போலும். இரண்டாவதை மரங்கள் காட்டின. காட்டிலே மரம் வரிசையாக முளைப்பதில்லை. பற்றைக்குள் கிளுவையும் பூவரசும் ஒரே நேராக, ஏறத்தாழ ஒரே இடைவெளியில் தடித்து நிற்கக் கண்டோம். வேலிக்கு நட்ட கதியால்கள், வெட்டுவாரின்றி இருபத்தெட்டு ஆண்டுகளில் மரமாகிவிட்டன. அந்த வரிசை முறியும் இடம் மூலை. மூன்றாவது கனடாவிலிருந்து வந்தது! தெற்குக் காணிக்காரரின் மகள், தகப்பனார் அளப்பித்து வைத்திருந்த நில அளவைப் படத்தைத் தொலைபேசியிற் படம் பிடித்து அனுப்பினார். அதிலுள்ள அளவுகள் சங்கிலியும் கண்ணியுமாக இருந்தன. சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணி; கண்ணிக்கு ஏழே முக்கால் அங்குலத்திற்குச் சற்று அதிகம். தூர்ந்த பங்குக் கிணற்றின் விளிம்பை மண்ணகழ்ந்து கண்டு, அங்கிருந்து நில அளவையாளர் அளந்து கட்டை அடித்தார்.

நான்காம் மூலை, வடகீழ்த் திசையில், இல்லை. அங்கே மண் அணை எழுப்பப்பட்டுப் பின்னர் இயந்திரத்தால் நிரவப்பட்டிருந்தது. மூன்று மூலையும் மொத்த அளவும் தெரிந்தால் நான்காவது தானே விடையாக வரும் என்று கணித ஆசிரியரான நண்பர் சொன்னார். நில அளவையாளர் தாளில் வரைந்து காட்டினார். அளவு மாறாமல் அந்த மூலை ஒரு நேர்கோட்டின்மேல் எங்கும் நகரலாம். அந்தக் கோடு மற்ற இரு மூலைகளை இணைக்கும் விட்டத்திற்குச் சமாந்தரமாகப் போகும். அதன்மேல் எந்தப் புள்ளி என்பதைக் கணிதம் சொல்லாது, கண்ட ஒருவர் சொல்ல வேண்டும்.

கண்டவர் ஒருவர் இருந்தார். 1990 வரை அந்தக் கூடலிற் கள் சீவியவர். எண்பதை நெருங்கிய முதியவர். முகாமிலிருந்து இன்னும் வெளியேறாதவர். நண்பரின் தந்தை காலத்தில் அவரைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்தனர். அவர் திருப்பி "நயினார்" என்றார். இன்று நண்பர் அவரை "அப்பு" என்றழைத்துக் கூட்டிவந்தார். அவர் பற்றைக்குள் ஒரு நோட்டம் விட்டு, "வாத்தியார், கல்லைத் தேடாதேங்கோ. பனையைத் தேடுவம்" என்றார்.

காலையும் மாலையும் ஒரே ஒழுங்கில் மரம் ஏறியவர் அவர். கிணற்றடிப் பனையில் தொடங்கி எந்த மரத்திலிருந்து எந்த மரத்திற்கு எத்தனை எட்டு என்பதைக் கால் அறிந்திருந்தது. கத்தியால் பற்றையை விலக்கிக்கொண்டு நடந்தார். அடிக்கட்டைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. உள்ளே உளுத்து, வெளி வைரம் மட்டும் வளையமாக நின்றது. ஆண்பனை எது, பெண்பனை எது என்றும் சொல்லிக்கொண்டு போனார். பதினோராவது கட்டையில் நின்றார். அது மூலையில் நின்ற ஆண்பனை. வேலி அதிற் கட்டியிருந்தது. நில அளவையாளர் கருவியை வைத்துப் பார்த்தார். அவர் வரைந்த கோட்டிலிருந்து அது இரண்டடிகூட விலகவில்லை.

அங்கிருந்து உட்பக்கமாக ஒன்பது எட்டு நடந்து முதியவர் மீண்டும் நின்றார். "இதிலைதான் எங்கடை வீடு" என்றார்.

எந்த உறுதியிலும் எல்லையாகவேனும் அவர் பெயர் இல்லை. பத்தாண்டு தடையின்றி, எதிர்உரிமையுடன் ஆண்டவருக்கு நிலம் சேரும் என்கிறது 1871இன் கட்டளைச் சட்டம். பிறர் அனுமதியில் இருந்தவரை அது காப்பதில்லை. 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம், போரினால் உரிமை கோர முடியாதிருந்தவருக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து கழித்தது. 2009க்குப் பின்னரும் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் ஆண்டுகள் அதில் அடங்கவில்லை என்பது ஒரு புறம். உறுதியுள்ளவனுக்காகச் சட்டம் மணிக்கூட்டை நிறுத்தியது. உறுதியில்லாதவனுக்கு நிறுத்துவதற்கு மணிக்கூடே இல்லை. வீட்டுத்திட்டத்திற்குக் காணிப் பத்திரம் கேட்கிறார்கள். முகாம்களில் கடைசிவரை தங்கியவர்களுட் பலர் ஏன் நிலமற்றவராகவும் ஒடுக்கப்பட்ட சாதியினராகவும் இருந்தனர் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

2025 மார்ச் 28இல் வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துள் உரிமை நிறுவுமாறு வர்த்தமானி வந்தபோது நாம் அனைவரும் கொதித்தோம், உச்ச நீதிமன்றம் தடுத்தது, அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. கொதித்தது நியாயமே. ஆனால் 'எங்கே உன் பத்திரம்' என்று அரசு நம்மிடம் கேட்ட கேள்வியை நாம் அந்த முதியவரிடம் எத்தனை தலைமுறையாகக் கேட்டுவந்தோம்?

புதிய படத்தில் அந்தக் குடிசை இருந்த இடத்தைப் புள்ளிக்கோட்டாற் குறிக்கலாமா என்று நில அளவையாளரிடம் கேட்டோம். காணிக்காரர் சொன்னால் குறிக்கலாம் என்றார். நண்பர் உடனே பதில் சொல்லவில்லை. இரவு முழுவதும் பேசினோம். குறித்தால் நாளை வழக்கு வரும் என்று அவருடைய உறவினர் பயமுறுத்தியிருந்தனர். மறுநாட் காலையில் அவர் குறிக்கச் சொன்னார். குறிப்பதோடு நில்லாமல், மூலையிலிருந்து ஒழுங்கை வரை அரைப் பரப்பைப் பிரித்து முதியவரின் மகள் பெயரில் உறுதி எழுதவும் ஒப்பினார்.

அவர் ஒப்பினாற் போதாது. பிரிவிடாத பங்கல்லவா? ஐந்து பேரும் ஒப்ப வேண்டும். ஊரிலிருப்பவர் இருவரும் கையொப்பமிட்டுவிட்டனர். வெளிநாட்டு மூவரில் ஒருவரின் அற்றோணித் தத்துவம் சென்ற மாதம் வந்தது. மற்றொருவர் யோசிப்பதாக எழுதியிருக்கிறார். மூன்றாமவரிடமிருந்து பதில் இல்லை. நொத்தாரிசு எழுதிவைத்திருக்கும் நகலில் "வடக்கு எல்லை" என்பதற்கு நேரே முதியவருடைய மகளின் பெயர் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது.