யாரு பேருல பட்டா?

ஆராய்ச்சி மேம்பாட்டுக் குழு ஒன்றில் எட்டு வருசமாக வேலை செய்கிறேன். பழைய மகாபலிபுரம் ரோட்டில் கண்ணாடிக் கட்டடம். தனியார் கம்பெனிக்கு இடஒதுக்கீடு கிடையாது. போன மாசம் வரைக்கும் பதினாலு பேரில் சேரியிலிருந்து வந்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்தன்தான். 'இங்க திறமைதான், சாதியெல்லாம் பார்க்கறதில்ல' என்பார்கள். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று மட்டும் விசாரிப்பார்கள்.

அந்தத் திறமையிலும் யோசிக்கிறவன் மேலே, அளவெடுக்கிறவன் கீழே. ராத்திரி லேபில் உட்கார்ந்து அளவெடுப்பது என் தலையில். செல்போன் கோபுரத்தில் பேச்சு குறைந்த நேரத்தில் கரண்டை மிச்சம் பிடிக்க ஒரு வழி அப்போதுதான் எனக்குத் தட்டுப்பட்டது. எழுதி மெயில் அனுப்பினேன். மூணு மாசம் கழித்து அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பம் தயாரானது. கண்டுபிடித்தவர்கள் மூன்று பேர். என் பேர் இல்லை. 'நீ டெஸ்டிங்தானப்பா பண்ணின' என்றார் குழுத் தலைவர்.

அந்த நாட்டுச் சட்டப்படி எண்ணத்தை உருவாக்கியவர்தான் கண்டுபிடிப்பாளர். உரியவரை விட்டுவிட்டால் காப்புரிமையே செல்லாமல் போகலாம். வக்கீல் தேதிவாரியாக விசாரித்தபோது என் மெயிலைக் காட்டினேன். நாலாவது பேராகச் சேர்த்தார்கள். நியாயத்துக்காக இல்ல, பயத்துல. படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தது. நமக்கேது அது? ஊர்க்காரன் 'டேய்' போட்டே கூப்பிட்ட நைனா பேரை முழுசாக எழுதினேன்.

நைனாவிடம் சொன்னேன். காப்புரிமை என்றால் புரியவில்லை. 'பட்டா மாதிரி நைனா.'

'யாரு பேருல?'

'கம்பெனி பேருல. கண்டுபிடிச்சது நாங்கன்னு எங்க பேரும் இருக்கும்.'

செங்கல்பட்டுப் பக்கம் கூலிக்கு ஏர் ஓட்டியவருக்குப் பட்டா தெரியும். 1892இல் வெள்ளைக்கார அரசு நம்ம சனங்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம், மற்றவர்களுக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும், யார் யார் கைக்கோ போனது. காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்ததை அவர் இன்னமும் நேற்று நடந்த மாதிரிதான் சொல்லுவார்.

'அவனுக்கு எப்ப கையெழுத்துப் போட்டுக் குடுத்த?' என்று கேட்டார்.

'வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே எல்லார்கிட்டயும் வாங்கிடுவாங்க நைனா.'

அடுத்த விண்ணப்பத்துக்கு இப்போது வேலை நடக்கிறது. போன மாசம் சேர்ந்த விழுப்புரத்துப் பையன் அளவெடுக்கிறான். எந்தத் தெரு என்று என்னிடம் மட்டும் சொன்னான். தோணுறதையெல்லாம் அன்னன்னைக்கே மெயில்ல போடு தம்பி என்று சொல்லியிருக்கிறேன்.