பனி என்று எழுதினோம்

நாங்கள் ஐந்து பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, அஸ்தம்பட்டியில் நண்பர் ஒருவரின் மாடியறையில் கூடுவோம். ஓர் இசைத்தொகுப்பை இடையில் பேசாமல் முழுவதும் கேட்பது, பிறகு அதைப் பற்றி எழுதுவது என்பது வழக்கம். சன்னலைச் சாத்தினாலும் ஏற்காட்டுச் சாலைப் பேருந்தின் ஒலிப்பான் உள்ளே வந்துவிடும். அந்த அறையில் அமர்ந்துதான் ஈசிஎம் நிறுவனத்தின் வெளியீடுகளுக்கு மதிப்புரை எழுதத் தொடங்கினோம்.

மன்ஃபிரெட் ஐஷர் 1969இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தொடங்கிய தனி நிறுவனம் அது. கீத் ஜாரெட் 1975இல் கொலோன் நகரில் தன்னந்தனியாக வாசித்த பியானோவும், ஆர்வோ பார்ட்டின் 'தபுலா ராசா'வும் அதன் வழியாகவே உலகுக்குக் கிடைத்தன. ஆளற்ற நிலக்காட்சிகள் கொண்ட அட்டைகள், நெடுநேரம் அடங்காத எதிரொலி, இசை தொடங்குமுன் சில விநாடி மௌனம் ஆகியவை அந்நிறுவனத்தின் அடையாளங்கள். 2017 நவம்பரில் அது தன் வெளியீடுகளை இணையவழிக் கேட்புக்குத் திறந்துவிட்ட பிறகே எங்களைப் போன்றோருக்கு அவை தாராளமாகக் கிட்டின.

எங்கள் முதல் மதிப்புரை 'விஷன்' என்னும் தொகுப்புக்கு. 1983இல் வந்தது. எல். சங்கரின் இரட்டை வயலின், நார்வேயின் யான் கார்பரெக்கின் சாக்ஸபோன், டென்மார்க்கின் பல்லே மிக்கல்போர்கின் டிரம்பெட். உள்ளத்தை அழுத்தும் இசை. பனி படர்ந்த சமவெளி, உறைந்த ஏரி, வெண்மையின் துயரம் என்று இரண்டு பக்கம் எழுதினோம். எழுதி முடித்ததும் பெருமையாகவும் இருந்தது.

மிருதங்கம் பயின்ற பெரியவர் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு அவ்வப்போது வருவார். அவரிடம் கட்டுரையைக் கொடுத்தோம். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்க, உங்கள்ல யாராச்சும் பனி பெஞ்சு பாத்திருக்கீங்களா? நமக்குத் தெரிஞ்சது ஏற்காட்டு மூடுபனிதானுங்களே. சரி, அது போகட்டும். இதுல அந்த வயலின்காரர் என்ன வாசிச்சார்னு ஒரு வரிகூட இல்லீங்களே?"

பதில் சொல்ல முடியவில்லை. சங்கர் சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், தந்தை வி. லட்சுமிநாராயணாவிடம் பயின்றவர். பத்துத் தந்திகளும் இரண்டு கழுத்துகளும் கொண்ட அந்த வயலின், டபுள் பேஸின் அடித்தொனியிலிருந்து வயலினின் உச்சம்வரை செல்லக்கூடியது. இத்தனையும் அறிந்திருந்தும், அட்டைப்படத்தையும் நிறுவனத்தின் பெயரையுமே நாங்கள் கேட்டிருக்கிறோம். ஒரு மனிதரின் வித்தையை இல்லாத பனிக்குள் மூடிவிட்டோம்.

அடுத்த மாதம் அவரே ஒரு தொகுப்பைக் கேட்கச் சொன்னார். அதே நிறுவனம் 1990இல் வெளியிட்ட 'பஞ்ச நடைப் பல்லவி'. வயலினில் அதே சங்கர். உடன் ஜாகிர் உசேனின் தபலாவும் விக்கு விநாயக்ராமின் கடமும். சங்கராபரணம், தாளம் ஒன்பதரை அட்சரம். பெரியவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பின்தொடர முயன்று பாதியிலேயே தவறினோம். ஒலிப்பதிவு நடந்தது ஆஸ்லோவில். ஆயினும் அந்த இசையை உறைபனி என்று அழைக்க எங்களில் ஒருவருக்கும் நா எழவில்லை. ஏனெனில் அங்கே என்ன நடக்கிறது என்பது கொஞ்சமாவது தெரிந்திருந்தது. தெரியாத இடத்தில்தான் மனம் உவமைக்கு ஓடுகிறது.

அதன்பின் 'விஷ'னை மீண்டும் கேட்டோம். இம்முறை குறிப்பேட்டில் உவமை எழுதுவதில்லை என்று ஒப்பந்தம். கார்பரெக் ஒரு சுரத்தை அசைக்காமல் நேராக நீட்டுகிறார். சங்கரோ சுரத்தை அசைத்து, இழுத்து, வேறொன்றின் விளிம்பைத் தொட்டே நிற்கிறார். ஒருவர் நேர்கோடு, மற்றவர் கமகம். இரண்டும் அருகருகே வருகின்றன, ஒன்றாவதில்லை. எதிரொலி அடங்கக் காத்திருப்பதால் அந்த இடைவெளி இன்னும் நீள்கிறது. நாங்கள் துயரம் என்று எழுதியது அந்த இடைவெளியைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அது வானிலையால் வந்ததன்று. வெவ்வேறு பயிற்சியில் தேர்ந்த இருவர் ஒருவரையொருவர் கவனித்துக் கேட்டதால் வந்தது.

பழைய மதிப்புரையைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒரு பக்கம் எழுதினோம். முன்னதைவிட அழகு குறைவுதான். பெரியவர் படித்துவிட்டு, "இப்ப கேட்டிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். கீழே ஏற்காட்டுப் பேருந்து ஒலிப்பானை அழுத்திக்கொண்டு போயிற்று. சன்னலைச் சாத்த ஒருவரும் எழவில்லை.