ஆங்கிலம் மட்டும் போதுமா?

"இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைக்கு எந்த நாட்டிலும் தொழில் கிடைக்கும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்தப் பேச்சு ஜேர்மனியில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை அங்கே குடியிருந்த வருடங்களில் நான் அனுபவத்தில் அறிந்தேன். உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன், சகோதரிகளே.

என் கணவர் 'புளூ கார்ட்' என்ற அனுமதியில் பிராங்பேர்ட் நகரில் கணினித் துறையில் வேலை செய்தார். அந்த அனுமதி உள்ளவரின் மனைவி ஜேர்மன் மொழிப் பரீட்சை எழுதாமலே போய்ச் சேரலாம். தொழில் செய்யவும் தடையில்லை. சட்டம் தாராளமானதுதான். ஆனால் தொழில் தருபவர் பார்ப்பது வேறு.

கணவரின் அலுவலகத்தில் எல்லாமே ஆங்கிலம். பத்து வருடம் ஆங்கிலம் படிப்பித்த என்னிடமோ பாடசாலைகள் ஜேர்மன் சான்றிதழைக் கேட்டன. "பிள்ளையின் தாய் வந்தால் எந்த மொழியில் பேசுவீர்கள்?" என்று ஓர் அதிபர் பண்பாகவே கேட்டார். நியாயமான கேள்வி. தனியார் மொழி நிலையமொன்றில் மணித்தியாலக் கணக்கில் ஆங்கிலம் படிப்பித்தேன். வகுப்பு இல்லாத கிழமையில் சம்பளமும் இல்லை. மாலையில் ஜேர்மன் படித்து, 'பி2' தரத்தில் சித்தியடைந்த பிறகே இருமொழிச் சிறுவர் பாடசாலையொன்றில் நிரந்தரமான உதவியாளர் வேலை கிடைத்தது.

ஆங்கிலத்தோடு மட்டும் தொழில் பார்க்கக்கூடிய இடங்களும் உண்டு: கணினித் துறை, ஆராய்ச்சி, பேர்லினின் புதிய கம்பனிகள், ஒஸ்ரியாவில் வியன்னாவிலுள்ள ஐ.நா. அலுவலகங்கள். ஆனால் ஜேர்மனியில் தாதியாக வேலை செய்யப் பெரும்பாலும் பி2 தரம் வேண்டும். வைத்தியர்களுக்கு அதற்கு மேலாக வைத்திய மொழிப் பரீட்சையும் உண்டு.

2024 ஜூன் முதல் 'வாய்ப்பு அட்டை' என்றொரு விசாவை ஜேர்மனி வழங்குகிறது. தகுதியான படிப்போ தொழிற்பயிற்சியோ உள்ளவர், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், ஜேர்மன் தெரியாமல் பி2 தர ஆங்கிலத்தோடும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது ஒரு வருடம் வரை தொழில் தேடுவதற்கான அனுமதியே; தொழில் அல்ல. அதுவரை கிழமைக்கு 20 மணித்தியாலம் பகுதிநேரமாக வேலை செய்யலாம். இதைக் காட்டி யாராவது "வேலை நிச்சயம்" என்று பணம் கேட்டால், நகையை அடகு வைக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

போகும் எண்ணமிருந்தால் கொழும்பிலுள்ள கோதே நிலையத்தில் இப்போதே மொழியைத் தொடங்குங்கள். மொழி தெரியாதவளுக்கு டாக்டரிடமும் பிள்ளையின் பாடசாலையிலும் கணவர்தான் வாயாக இருக்க வேண்டும். நம் வாயால் நாமே பேசினால்தான் தொழிலும் வரும், மரியாதையும் வரும்.