மேற்பலகைக்கு அடியில்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கிப்சன் கிட்டார் ஆலை 1984 வரை இயங்கிய கலமசூ ஊரில், கிட்டார் பழுதுபார்ப்பவர்களின் மேசையில் பல் வைத்தியர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடி கிடக்கிறது. உள்கூடான கிட்டாரின் மேற்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளை வழியே அதையும் ஒரு சிறு விளக்கையும் நுழைத்து, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு நேர் கீழே, உள்ளே ஒட்டிய தாங்குகட்டையான பிரேஸ் பலகையோடு பிடித்திருக்கிறதா, பசை விட்டுவிட்டதா என்று பார்க்கிறார்கள். வாசிப்பவர்கள் பிரேஸ் இணையாக ஓடுகிறதா, எக்ஸ் வடிவமா என்று சண்டை போடுவார்கள். மேசையில் இருப்பவர்களின் கவலை வேறு: வளைந்த மேற்பலகையோடு அந்தக் கட்டை இடைவெளியின்றிப் பொருந்துகிறதா? அவர்கள் கட்சிதான் சரி என்பேன்.

கணக்கைப் பாருங்கள். ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவை பிரிட்ஜின் மேல் 15 டிகிரி மடங்கினால், சுமார் 18 கிலோ பாரம் இரவும் பகலும் மேற்பலகையை அமுக்கிக்கொண்டிருக்கும். பிரேஸுக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை சந்து இருந்தாலும், அந்த இடத்தில் பாரத்தைப் பலகை தனியாகத்தான் சுமக்கிறது. வருடம் போகப் போகக் குழி விழுகிறது. 1958-இல் வந்த கிப்சன் இ.எஸ்.335 இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தது என்பது அழகான பாடம். நடுவில் மேப்பிள் கட்டை. கட்டையோ தட்டை, பலகையோ வளைவு. இரண்டுக்கும் நடுவே ஸ்ப்ரூஸ் பட்டையை வைத்து, அது வளைந்துகொடுக்க வரிசையாக ரம்ப வெட்டுகள் போட்டார்கள். செதுக்கிப் பொருத்தும் கைவேலையை மிச்சப்படுத்திய தொழிற்சாலை யுக்திதான், ஆனாலும் பொருத்தம் பிசகக் கூடாது என்பதை அது விட்டுக்கொடுக்கவில்லை. கிரெட்ச் நிறுவனம் அதே ஐம்பதுகளின் கடைசியில் பிரேஸ்களிலிருந்து முதுகுப்பலகைக்குக் கால் இறக்கியது. வழி வேறு, நோக்கம் ஒன்று.

மின்சாரக் கிட்டாரில் ஒலியை எடுப்பது பிக்கப், உள்ளே என்ன இருந்தால் என்ன என்று கேட்பார்கள். பிக்கப் உணர்வது தந்தியின் அதிர்வை. தந்தி எவ்வளவு நேரம் அதிரும் என்பதைப் பிரிட்ஜின் இளக்கம் தீர்மானிக்கிறது. பலகை கூடுதலாக ஆடினால் ஸ்பீக்கரின் ஒலி அதை மறுபடி ஆட்டி ஊளையிடும். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் பெயரில் 1980-இல் வந்த லூசில் மாடலில் எஃப் துளைகளே இல்லாததற்கு இந்த ஊளைதான் காரணம். அப்படியானால் ஆட்டத்தை அடக்க நடுக்கட்டையே போதுமே என்பதும் முழு நியாயமில்லை. நடுக்கட்டை இல்லாத எபிஃபோன் கசினோவை பீட்டில்ஸ் குழுவில் மூவர் விரும்பி வாங்கினார்கள். அந்தக் காற்றோட்டமான ஒலி கட்டை வைத்தால் கிடைக்காது. எவ்வளவு ஆடவிடுவது என்பது ரசனை. சந்து விடுவது மட்டும் ரசனையில் சேராது.

பழைய கிட்டார் வாங்கப் போகிறவர்கள் மாடல் எண்ணைக் கேட்கும் முன், பலகையைப் பக்கவாட்டில் கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். பிரிட்ஜின் காலடியில் பள்ளம் தெரிந்தால், உள்ளே விளக்கு விட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.