ஜீப்பைத் தூக்கறதுக்கு முன்னாடி

பீளமேடு,
கோயமுத்தூர்.

மாப்ள,

அப்பச்சியோட எம்.எம். 540-ஐ நாலு இஞ்ச் தூக்கிப் பெரிய டயர் மாட்டப் போறியாமே, உங்கம்மா சொன்னா. போன்ல பேசுனா 'செரிங் மாமா'ன்னுட்டு மறந்துருவ, அதான் எழுதறேன்.

ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏர்றப்ப பார்க்க ஜோராத்தான் இருக்கும். எறங்கறப்ப நிறுத்தோணுமில்ல? டயர் பெருசானா அதே பழைய ட்ரம் பிரேக்குக்கு வேலை கூடும். வண்டி ஒசந்தா வளைவுல சாயும். ஸ்பீடோமீட்டரும் நெசமான வேகத்தைவிடக் கொறைச்சுத்தான் காட்டும். போதாக்கொறைக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியிலயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

கை துறுதுறுன்னா, தூக்கறதுக்குப் பதிலா பிரீதருக்கு ஹோஸ் போடு. ஏன்னு சொல்றேன். தோப்புக்குப் போற வழியில பள்ளத்துத் தண்ணிக்குள்ள எறக்கறீல்ல, அப்ப ஓடிச் சூடாயிருக்கற ஆக்ஸில் நடுவுல இருக்கற கிரௌன் ஹவுசிங் திடீர்னு குளுந்து, உள்ள இருக்கற காத்து சுருங்கும். காத்து போய் வர்றதுக்கு இருக்கற பிரீதர் வழியா, சீல் வழியா தண்ணியை இழுத்துக்கும். ஆயில் பால் காப்பி கணக்கா வெளுத்துரும். அப்புறம் பேரிங்ல துரு, ஊளைச் சத்தம், பெரிய செலவு.

ஹவுசிங் மேல இருக்கற அந்தக் குட்டி பிரீதர் மூடியைக் கழட்டிக் கணபதியில ஏதாவது லேத்துல காட்டு, அதே மரைக்குப் பித்தளையில ஒரு நிப்பிள் கடைஞ்சு தருவாங்க. டீசல் ஹோஸைச் சொருகி, கிளிப் போட்டு, சேஸிஸ் ஓரமாவே பானெட்டுக்குள்ள ஒசரத்துக்குக் கொண்டு போ. ஹோஸ் வாயைக் கீழ பாத்து வளைச்சு விடு. சைலன்சர் பக்கம் ஒட்டாம பாத்துக்க. சக்கரம் குழியில எறங்கறப்ப ஹோஸ் இழுபடாத அளவு தொங்கல் விடோணும். நெறையப் பேரு கோட்டை விடறது அங்கதான். முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் போடு.

தண்ணி தாண்டுன மறுநாள் காலையில, வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, ஹவுசிங் டிரெய்ன் பிளக்கை லேசா லூசாக்கு. உள்ள தண்ணி போயிருந்தா அடியில தங்கி அதுதான் மொதல்ல சொட்டும்.

இன்னொண்ணு, தார் ரோட்டுல ஃபோர் வீல் லீவரைத் தொடாத. முன் சக்கரமும் பின் சக்கரமும் திருப்பத்துல ஒரே தூரம் ஓடாது. நடுவுல டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி இது, அந்த முறுக்கெல்லாம் ஜாயின்ட் கிராஸ் தலையிலதான் விழும்.

ஞாயித்துக்கெழம வண்டியைக் கொண்டாந்துரு, யு போல்ட்டெல்லாம் ஒரு தடவை முறுக்கிரலாம். டயர் கடையில அட்வான்ஸ் எதுவும் குடுத்துட்டியான்னு மட்டும் முன்னாடியே சொல்லிரு.

அன்புடன்,
மாமா